யானையின் காதில் கட்டிய அட்டை

மெற்றில்டா தைக்கும் யானைகளுக்குக் காது கொஞ்சம் பின்னுக்கு இருக்கும். அஸீஸா இதைப் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"காத முன்னுக்கு வை புள்ள. ஒண்ட யானை எதையோ கேட்டுப் பயந்த மாதிரி ஈக்கி."

"பயந்தா காது முன்னுக்கு வரும். இது கேக்காத யானை."

"வாங்குற வெள்ளைக்காரனுக்கு அது வெளங்குமா?"

"விளங்காதெண்டா பிறகேன் என்னை மாத்தச் சொல்றீங்க?"

அஸீஸா சிரித்துக்கொண்டு யானைகளைப் பைக்குள் போடுவாள். கொட்டாஞ்சேனையில் புளூமெண்டால் வீதியிலிருந்து இறங்கும் அந்த ஒழுங்கையில் நான்கைந்து வீடுகளில் பெண்கள் யானை தைத்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு கைப்பணிக் கடை கைத்தறித் துணித் துண்டுகளையும் பஞ்சையும் மூட்டையாகக் கொடுக்கும். அதைக் கொண்டுவந்து வீடு வீடாகப் பிரிப்பதும், தைத்ததை வாங்கித் திரும்பக் கொண்டுபோவதும் அஸீஸாவின் வேலை. துணியை உட்புறமாக வைத்துத் தைத்து, வயிற்றில் விட்ட ஓட்டையால் வெளியே திருப்பி, பஞ்சை அடைத்து, கடைசியில் அந்த ஓட்டையை நூல் தெரியாமல் கையால் மூட வேண்டும். மூடுவது எல்லாருக்கும் வராது. மெற்றில்டாவுக்கு வந்தது.

அவள் பிறந்தது முகத்துவாரத்தில். தகப்பன் துறைமுகத்தில் பாரம் தூக்கியவர். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்ததால் சிங்களமும் கொஞ்சம் இங்கிலீஷும் வந்தன, தையலும் வந்தது. துறைமுகத்தில் சாமான் விடுவிக்கும் கம்பனியொன்றில் கிளார்க்காக இருந்த றெஜினோல்டைக் கட்டி கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். எல்லோருக்கும் அவர் றெஜி. பிள்ளை இரண்டு முறை தங்கியது, இரண்டு முறையும் கலைந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லாத வீடு.

2008இல், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், றெஜி பாண் வாங்கச் சந்திக்குப் போனார். வான் ஒன்று வந்து நின்றதாகவும் இரண்டு பேர் இறங்கியதாகவும் சந்திச் சலூன்காரர் அன்றிரவு சொன்னார். அடுத்த நாள் கேட்டபோது, தான் அன்று கடையே திறக்கவில்லை என்றார்.

பிறகு எல்லோரும் போகும் இடங்களுக்கெல்லாம் மெற்றில்டாவும் போனாள். பொலிஸ், முகாம், சிறைச்சாலை வாசல், ஆணைக்குழு. ஒரே கதையை வெவ்வேறு கதிரைகளில் இருந்து சொன்னாள். கேட்டவர்கள் எழுதினார்கள், தலையாட்டினார்கள், தேத்தண்ணீர் கொடுத்தார்கள். ஒருநாள் போவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியது போவதை மட்டுந்தான். மோதிரத்தைக் கழற்றவில்லை. கோயிலுக்குக் கறுப்பும் உடுக்கவில்லை, வெள்ளையும் உடுக்கவில்லை. வீட்டில் இருப்போரைப் பதிய வருடா வருடம் கிராமசேவகர் வருவார். றெஜியின் பெயர்தான் முதலில் போகும்.

"மஹத்தயா கெதற த?" என்று அவர் கேட்பார். ஐயா வீட்டிலா?

"நே, வெடட கியா" என்பாள். வேலைக்குப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியும். அவளுக்கும் அது தெரியும். பேனை ஓடும்.

மரணச் சான்றிதழோ, இல்லாவிட்டால் காணவில்லை என்ற பத்திரமோ எடுக்கலாம் என்று அறிவித்தல் வந்தபோதும் அவள் போகவில்லை. எடுத்த பெண்களைக் குறை சொல்லவுமில்லை. "அவையவைக்கு வேணும்" என்பாள்.

அவரை உயிரோடு வைத்திருந்தது உலகத்தில் இரண்டு பேர். மற்றவள் றெஜியின் தங்கச்சி ரொஷேல். பாரிசில் இருந்தாள். றெஜியின் பிறந்தநாளுக்கு முதல்நாள் போன் எடுப்பாள்.

"அண்ணி, பூசைக்குக் குடுத்திட்டீங்களா?"

"குடுத்திட்டன்."

கத்தோலிக்கரான எங்களில் பூசை ஒப்புக்கொடுப்பது இரண்டு விதம். உயிரோடிருப்பவரின் நலத்துக்கு ஒன்று, இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒன்று. பூசை தொடங்குமுன் முதலில் உயிரோடிருப்பவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும், பிறகு இறந்தவர்கள். கோயில் கந்தோரில் பெயர் எழுதும் மிஸ் தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்: "வழமைபோல முதல் பக்கம்தானே?" மெற்றில்டா ஓம் என்பாள். அவ்வளவுதான் அவளுடைய அரசியல்.

போனில் கதைக்கும்போது இரண்டு பேருமே "அண்ணாவுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும்" என்பார்கள். பிடித்தது என்று ஒருநாளும் வந்ததில்லை. றெஜியின் தாய் சாகும்போதுகூட, "அவன் வந்தா என்னைக் கேப்பான்" என்றுதான் சொன்னாள். ரொஷேல் அதைப் போனில் கேட்டு அழுதாள். ஆனாலும் அது மாறவில்லை.

ஓகஸ்ட்டில் ரொஷேல் வந்தாள். நெடுங்காலத்துக்குப் பிறகு முதல் வரவு, தனியாக. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு பிளட் வீடு எடுத்துத் தங்கினாள். தலைமயிர் குறைந்திருந்தது. சிரிக்கும்போது மட்டும் றெஜியின் வாய் அப்படியே வந்தது. மெற்றில்டா அவளை அதிகம் சிரிக்க வைக்கப் பார்த்தாள்.

திரும்பிப் போக ஒரு கிழமை இருக்கும்போது சாமான் வாங்கக் கிளம்பினார்கள். மெற்றில்டா புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது ரொஷேல் கீழே காத்துக்கொண்டு நின்றாள். காலி வீதியில் சாரிக்கடை, இனிப்புக்கடை, வெள்ளிச் சாமான் கடை. எல்லாக் கடையிலும் லண்டன், கனடா, சுவிஸ் ஆட்கள் குடும்பத்தோடு நின்று, வெயிலைத் திட்டிக்கொண்டு விலை கேட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"ஆர் ஆருக்கு வாங்கவேணும்?" என்று கேட்டாள் மெற்றில்டா.

"பிள்ளையளின்ர ரீச்சர்மார். வேலையில நாலைஞ்சு பெட்டையள். மேல்வீட்டில ஒரு கிழவி, என்ர வீட்டுத் திறப்பு வைச்சிருக்கிறவ. எல்லாம் பிரெஞ்சுக்காரர். அவையளுக்குச் சீனாச் சாமானைக் குடுத்தா உடன பிரட்டிப் பாப்பினம். இஞ்ச செய்ததா இருக்கவேணும் அண்ணி. ஆர் செய்தது எண்டு நான் சொல்லக்கூடியதா."

மெற்றில்டா வீதியிலேயே நின்றுவிட்டாள். "அப்ப என்ர யானைய வாங்கன்."

"என்ன யானை?"

"நான் தைக்கிற யானை. இஞ்சதான், பக்கத்தில ஒரு கடையில விக்குது."

"எனக்கு ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"யானை தைக்கிறன் எண்டு சொன்னா நீ சிரிப்பாய்."

ரொஷேல் சிரித்தாள். றெஜியின் வாய் வந்தது.

அந்தக் கடைக்குள் மெற்றில்டா ஒருநாளும் போனதில்லை. போகத் தேவையிருக்கவில்லை, அஸீஸா இருந்தாள். மேல்மாடியில், கண்ணாடிக் கதவு, குளிர் போட்டிருந்தது. பனையோலைப் பெட்டி, அரக்குப் பூசிய கிண்ணம், பற்றிக் சட்டை, சிரட்டைக் கரண்டி, சுவரில் கண் பிதுங்கிய முகமூடிகள். எல்லாவற்றிலும் சணல் நூலில் ஓர் அட்டை தொங்கியது. ரொஷேல் ஒரு முகமூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைப் பாத்தா என்ர மாமியார்" என்றாள். "வாங்கிக்கொண்டு போ, துணைக்கு வைச்சிருக்கலாம்" என்றாள் மெற்றில்டா. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

யானைகள் மூலையில் ஒரு பிரம்புக் கூடையில் கிடந்தன. தூரத்திலேயே காதை வைத்து மெற்றில்டா தன்னுடையவற்றை அடையாளம் கண்டாள். ஒரு நீல யானையைத் தூக்கி ரொஷேலின் கையில் வைத்தாள். "இது என்ர. வயித்தைப் பார், எங்க மூடினது எண்டு கண்டுபிடி பாப்பம்."

ரொஷேல் வயிற்றைப் பார்க்கவில்லை. காதில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். அதில் மெற்றில்டாவின் முகம் இருந்தது.

மார்ச் மாதம் அந்தப் படத்தைப் பிடித்தது சாமினி. கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண், கிருலப்பனையில் இருந்து வருகிறவள். அஸீஸாவோடு ஒழுங்கைக்கு வந்து, தைக்கும் பெண்கள் எல்லோரையும் படம் பிடித்தாள், ஒவ்வொருவரோடும் இருந்து கதைத்தாள். "அவர் என்ன செய்யிறார் அக்கா?" என்று கேட்டாள். மெற்றில்டா எல்லாவற்றையும் சொன்னாள். பாண், வான், சலூன்காரர், நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்பது வரை. நீண்ட காலத்துக்குப் பிறகு ஒரு புதிய ஆள் கேட்டதில் அவளுக்குச் சொல்லவும் இலகுவாக இருந்தது. சாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

படத்துக்குக் கீழே இங்கிலீஷில் நான்கு வரி. மெற்றில்டா தானே வாசித்தாள். இந்த யானையைக் கையால் தைத்தவர் மெற்றில்டா. கொழும்பைச் சேர்ந்தவர். போரில் கணவரைப் பறிகொடுத்த விதவை. நீங்கள் வாங்குவது அவருக்கு ஒரு புது வாழ்வு.

அவள் இன்னொரு யானையை எடுத்தாள். அதிலும் அதே. இன்னொன்று. கூடை முழுவதும் அவள் விதவையாகக் கிடந்தாள்.

ரொஷேலின் உதடுகள் அசைந்தன. அவளுக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும். வாசித்து முடித்து, திரும்பத் தொடங்கிய இடத்துக்குப் போய் மறுபடி வாசித்தாள். மெற்றில்டா வாயைத் திறக்கப் போன நேரத்தில் மேசைக்குப் பின்னாலிருந்து சாமினி கண்டுவிட்டாள்.

"ஐயோ அக்கா! நீங்களா? கடைக்கு வந்தது இதுதானே முதல்!"

மேசையடியில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று சாமான் கட்டுவித்துக்கொண்டு நின்றது. சாமினி அவர்களிடம் கையை நீட்டிக் காட்டி, இவதான் அந்த யானையைச் செய்தவ என்று இங்கிலீஷில் சொன்னாள். கிழவி கையிலிருந்த யானையின் அட்டையையும் மெற்றில்டாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். கிட்ட வந்து, மெற்றில்டாவின் இரண்டு கையையும் பிடித்து, உங்கள் கணவருக்காக வருந்துகிறேன் என்றாள். உண்மையாகத்தான் வருந்தினாள். கண் கலங்கியிருந்தது.

அந்நிய தேசத்துக் கிழவி ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என்ன சொல்வது? மெற்றில்டா தலையை ஆட்டினாள். தாங்க்யூ என்றாள்.

ரொஷேல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு குனிந்து, காது பின்னுக்கு இருந்த யானைகளை எல்லாம் கூடையிலிருந்து பொறுக்கி எடுத்தாள். ஒன்றையும் விடவில்லை.

திரும்பும்போது ஓட்டோவில் மெற்றில்டா சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டாள். அது கடைக்காரர் போட்டது, எனக்குத் தெரியாது. இரண்டு வசனம். ஆனால் ஓட்டோ காலி வீதிக்கு ஏறுமுன் ரொஷேல் அவளுடைய தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள். ஓட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான்.

"அண்ணி, எனக்கு முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"ரொஷேல்..."

"இல்ல, எனக்கு விளங்குது. போனில சொல்ற விஷயமா? நான் எத்தினை வருஷமா நினைச்சுக்கொண்டு இருந்தனான் தெரியுமா? அண்ணா செத்திட்டார், கொண்டுபோன கிழமையே செத்திட்டார் எண்டு. ஆனா நான் எப்பிடிச் சொல்றது? நீங்க பெண்சாதி. நீங்கதானே முதல் சொல்லவேணும். நீங்க உசிரோட வைச்சிருக்க நான் ஆர் அவரைச் சாகக் குடுக்க?"

மெற்றில்டா அடுக்கி வைத்த இரண்டு வசனமும் எங்கே போயின என்று தெரியவில்லை. இத்தனை காலமும் போனின் அந்தப் பக்கம் தன்னோடு சேர்ந்து காத்திருந்தது ஒரு ஆள் என்று அவள் நினைத்திருந்தாள். அங்கே இருந்தது தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி.

ரொஷேல் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். முகம் இளகியிருந்தது. சுமையை இறக்கியவளின் முகம். அதைத் திரும்பவும் அவள் தலையில் ஏற்றிவிட அந்த நேரத்தில் மெற்றில்டாவுக்குக் கை வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் அஸீஸா சாமான் கொண்டு போனபோது மெற்றில்டாவும் கூடப் போனாள். முதலில் அட்டையை மாற்ற வேண்டும், பிறகு ரொஷேலிடம் போக வேண்டும் என்பது அவள் கணக்கு.

சாமினி கதிரை இழுத்துப் போட்டாள். "என்னக்கா, முகம் ஒருமாதிரி?"

"நான் உங்களிட்ட விதவை எண்டு சொன்னனானா தங்கச்சி?"

சாமினி திரும்பிக் கதவைப் பார்த்தாள், கடையில் வாங்க வந்தவர் யாரும் இல்லை.

"நீங்க சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கக்கா. நான் முதல் அப்பிடித்தான் எழுதிக் குடுத்தனான். காணாமல் ஆக்கப்பட்டவரின்ர மனைவி எண்டு. கடையின்ர மெடம் வெட்டிப்போட்டா."

"ஏன்?"

"ஹொலிடேக்கு வாற சனம் அக்கா. யானையைத் தூக்கிப் பாத்திட்டு, எங்க போனவர், ஆர் கொண்டு போனது, இப்ப வழக்கு நடக்குதா எண்டு கேக்குங்கள். கேட்டா நான் நிண்டு பதில் சொல்லவேணும். பிறகு முகம் வாடி, யானையை வைச்சிட்டுப் போயிடுங்கள். உள்ளங்கையளவு யானை, அதுக்கு அவ்வளவு கதை தாங்காதாம். விதவை எண்டா கேள்வி இல்லையாம். மெடம் அப்பிடித்தான் சொன்னவ."

"அட்டையை எடுத்திடுங்கோ."

"எடுக்கலாம். நான் மெடத்திட்ட கதைக்கிறன். வெறும் பெயர் போட்டாலும் விக்கும்." சாமினி போனை எடுத்தாள். "ஆனா அந்த ஓடர் என்ன செய்யிறது? அவ காலமை வந்து குடுத்தது."

"எவ?"

"உங்கட மச்சாள். பாரிசில நினைவுப் பூசை வைச்சு, வாற ஆக்களுக்கெல்லாம் ஆளுக்கொரு யானை குடுக்கப் போறாவாம். ஒரு பெட்டி நிறைய வேணும் எண்டவ. நீங்கதான் தைக்கவேணுமாம், வேற ஆக்களிட்டக் குடுக்கக்கூடாதாம். அட்டையின்ர பின்பக்கம் இது வரவேணும்."

போனைத் திருப்பிக் காட்டினாள். கலியாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த றெஜியின் முகம். பக்கத்தில் நின்ற மெற்றில்டாவின் முக்காட்டில் ஒரு துண்டு மட்டும் தோளருகே மிஞ்சியிருந்தது. கீழே பெயர். பெயருக்குக் கீழே இரண்டு திகதிகள், நடுவில் ஒரு கோடு. முதலாவது அவர் பிறந்த நாள். இரண்டாவது அவர் பாண் வாங்கப் போன நாள்.

மெற்றில்டா கன நேரம் பார்த்தாள்.

"பிழையா அக்கா? அவ வாயால சொல்ல நான் எழுதினது."

"திகதி சரி" என்றாள் மெற்றில்டா.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இருக்க இடம் கிடைத்தது. மருதானை தாண்டியது. அஸீஸா துணி மூட்டையை மடியில் வைத்திருந்தாள்.

"ஒண்ணு செல்லட்டா? கோவிச்சிக்கொள்ளாதே."

"சொல்லுங்கோ."

"எங்கட அவர் மௌத்தானப்ப நான் இத்தா இருந்தேன். நாலு மாசம் பத்து நாள், ஒரு அறைக்குள்ள. வெசரு புடிச்சிச்சி புள்ள. ஆனா ஒரு நாள் வெளிய வந்தேன். வந்து வாசல்ல நிண்டா, வெயில் ஈக்கி, மீன்காரன் கத்துறான். முடிஞ்சிச்சி. ஒனக்கு உள்ளுக்குப் போகவும் ஒரு நாள் இல்ல, வெளிய வரவும் ஒரு நாள் இல்ல."

மெற்றில்டா ஜன்னலால் பார்த்தாள்.

"அந்தப் புள்ள ஒனக்கு வாசலைத் தொறந்து வெச்சிருக்கி எண்டுதான் நான் நெனைக்கிறேன்" என்றாள் அஸீஸா.

"வாசலால போனா, அவரை உள்ளுக்கு விட்டிட்டெல்லோ போகவேணும்."

அஸீஸா மூட்டையை மறுபக்கம் மாற்றி வைத்தாள்.

பின்னேரம் ரொஷேலே கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். கையில் வெள்ளைச் சாரி ஒன்று, அண்ணிக்கு. கோயில் கந்தோருக்குப் போய்விட்டு வந்திருந்தாள். ஞாயிறு காலைப் பூசைக்கு, இறந்தவர்களின் பக்கத்தில், றெஜியின் பெயரைக் கொடுத்தாயிற்று.

"அந்த மிஸ் என்னை விநோதமாப் பாத்தா அண்ணி. 'மெற்றில்டாவுக்குத் தெரியுமா?' எண்டு கேட்டா. அவதான் முதல் சொன்னவ எண்டன்."

மெற்றில்டா அடுப்பில் சோறு வைத்திருந்தாள். உலை கொதிக்கும் சத்தத்துக்கு மேலால் சொன்னாள்: "நான் சொல்லேல்ல ரொஷேல். அது கடைக்காரர் போட்டது. எனக்கு நேற்றுத்தான் தெரியும்."

ரொஷேல் சாரியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அந்த வெள்ளைக்காரிக்கு தாங்க்யூ எண்டு சொன்னீங்க."

"வேற என்ன சொல்றது?"

"அப்ப உங்களுக்கு ஒரு தகவலும் வரேல்ல?"

"இல்ல."

"ஒண்டும் மாறேல்ல?"

"ஒண்டும் மாறேல்ல."

ஒழுங்கையில் யாரோ தண்ணீர் வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ரொஷேலின் முகத்தில் நேற்று இளகியிருந்தது மறுபடி இறுகுவதை மெற்றில்டா கண்டாள். அண்ணாவுக்குப் பிடிக்கும், பிடிக்கும் என்று போனில் சொன்ன முகம் இதுதான் போலும். அவள் அதைக் கண்டதில்லை, கேட்டது மட்டும்.

"சரி" என்றாள் ரொஷேல். குரலில் கோபம் இல்லை. "நான் இப்பவே போய்ப் பேரை வெட்டுவிக்கிறன். கந்தோர் இன்னும் பூட்டியிருக்காது. முதல் பக்கத்துக்கு மாத்துவிக்கிறன். நீங்க எனக்கு ஒண்டு மட்டும் சொல்லவேணும். அண்ணா வருவார் எண்டு நீங்க நினைக்கிறீங்களா? கிராமசேவகருக்குச் சொல்ற பதில் எனக்கு வேண்டாம். எனக்குச் சொல்லுங்கோ. ஓம் எண்டு சொன்னாப் போதும், நான் இந்தா எழும்பிப் போறன்."

ஓம் என்பது சின்னச் சொல். மெற்றில்டா அதை மாமியாருக்குச் சொன்னாள், கந்தோர் மிஸ்ஸுக்குச் சொன்னாள், ஆணைக்குழுவில் கண்ணாடி போட்ட மூன்று ஐயாமாருக்குச் சொன்னாள். ஒருவரும் அவளிடம் நினைக்கிறாயா என்று கேட்டதில்லை. இருக்கிறாரா, தேடுகிறாயா, பெயரைப் போடவா என்றுதான் கேட்டார்கள்.

அவள் ரொஷேலைப் பார்த்தாள். ரொஷேல் உண்மையாகவே எழும்பத் தயாராகக் கதிரை நுனியில் இருந்தாள். கைப்பையின் வார் தோளில் கிடந்தது. முகத்தில் றெஜியின் வாய், சிரிக்காமலே, இலேசாகத் திறந்தபடி. ஒரு சொல்லுக்காக.

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. மெற்றில்டா எழும்பிப் போய் மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. கரண்டியால் ஒருதரம் கிண்டினாள். சோறு வெந்துவிட்டதா என்று ஒரு பருக்கையை எடுத்து நசித்துப் பார்த்தாள், இன்னொரு பருக்கையையும் பார்த்தாள். கஞ்சியை வடித்தாள். எல்லாவற்றையும் முடித்துத் திரும்பியபோது ரொஷேல் கைப்பையைக் கழற்றி நிலத்தில் வைத்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.

"சாப்பிட்டிட்டுப் போ" என்றாள் மெற்றில்டா.

ஞாயிறு காலை கோயில் வாசலில் சனம் வரிசையாக நின்றது. ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு வந்த பழக்கம், பைகளைத் திறந்து காட்ட வேண்டும். ரொஷேலின் பைக்குள் நீல யானை ஒன்று இருந்தது. பூசை முடிந்து சுவாமிக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருந்தாள். காவலுக்கு நின்ற பெண் அதை வெளியே எடுத்து வயிற்றை அமத்திப் பார்த்தாள். எங்கே மூடியது என்று தேடினாள். அகப்படவில்லை. காதில் தொங்கிய அட்டையை ஒருதரம் பார்த்து, மெற்றில்டாவைப் பார்த்து, யானையைப் பைக்குள் வைத்தாள்.

மெற்றில்டா வெள்ளைச் சாரி உடுக்கவில்லை. ஆனால் எதை உடுத்தோம் என்றும் அவளுக்கு நினைவில்லை. குனிந்து பார்த்துத்தான் பச்சை என்று கண்டாள். நடுவாங்கில், விசிறிக்குக் கீழே இருந்தார்கள்.

பெயர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். முதலில் உயிரோடிருப்பவர்கள். பிறந்தநாள் கொண்டாடும் ஒரு பிள்ளை. ஒப்பரேஷனுக்குப் போகும் ஒரு தகப்பன். வெளிநாடு போகிற யாரோ. பழக்கத்தில் மெற்றில்டா காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் அடுத்தது அவர் பெயராக இருக்கும் என்று பார்த்தாள். அந்தப் பக்கம் முடிந்தது. வாசிக்கிறவர் தாளைத் திருப்பிய சத்தம் ஒலிவாங்கியில் பெரிதாகக் கேட்டது.

எழும்பி நின்று, இது பிழை, இவர் மற்றப் பக்கத்து ஆள் என்று சொல்லலாம். அவளுக்கு அது தெரிந்தது. நடுவாங்கிலிருந்து சொன்னாலும் கேட்கும், கோயில் அவ்வளவு அமைதியாக இருந்தது. கால்கள் நிலத்தில் ஊன்றிக்கொண்டன. முன்வாங்கின் மேல்மரத்தைக் கைகள் பிடித்தன.

மூன்றாவதோ நாலாவதோ பெயராக அது வந்தது. றெஜினோல்ட். வாசித்தவர் தெரியாத ஆள், பெயரை அழுத்தாமல், மற்றப் பெயர்களைப் போலவே வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். முடிவில், இவர்கள் அனைவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஆண்டவரை மன்றாடுவோம் என்றார்.

எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சனம் சொன்னது. முகத்துவாரத்துக் கோயிலில் தாயின் மடியில் இருந்து பழகிய பதில். மெற்றில்டா அதை நினைத்துச் சொன்னதே இல்லை.

பக்கத்தில் ரொஷேல் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் தன்னுடைய வாயும் எல்லோரோடும் சேர்ந்து அதைச் சொல்லி முடித்திருந்தது மெற்றில்டாவுக்குத் தெரிந்தது.